நீலக் கால்

பெரிய வியாழன்.
பன்னிரண்டு நாற்காலியில் ஒன்பதாவது எனக்கு.
பவர் டேபிளில் பெடல் மிதிக்கும் கால்தான்,
ஆனாலும் பட்டியலில் பெயரைக் கேட்டதிலிருந்து
கொஞ்சம் வெட்கம், நிறையப் பெருமை.

அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்து
துவைக்கிற கல்லில் குதிகாலைத் தேய்த்தேன்.
வெடிப்புக்குள் அடைந்திருந்த பனியன் பஞ்சை
ஊக்கு முனையால் எடுத்தேன்.
ஞானப்பூ சிரித்தாள்:
"சாமியாருக்கு வேலையே வெக்க மாட்டீங்களாட்டம் இருக்குது."

அரை டம்ளர் தண்ணீர்.
இஸ்திரி மடிப்புக் கலையாத துவாலை.
சாமியார் குனிந்து முத்தமிட்டபோது
அவர் மூச்சு பாதத்தில் சுட்டது.
அவ்வளவுதான்.
கழுவ அங்கே எதுவும் இல்லை,
எல்லாவற்றையும் நானே கழுவிவிட்டு வந்திருந்தேன்.

இரவு ஆராதனை.
ஒரு மணி நேரம் என்னோடு விழித்திருக்கக் கூடாதா
என்ற வசனம் வாசித்து முடிக்கவும்
சட்டைப் பையில் போன் அதிர்ந்தது.
பெரியாஸ்பத்திரி வார்டில் வேலை செய்கிற சூசைமரியான்.
"ஏனுங்க, கால் ஒடிஞ்ச வடக்கத்திப் பையன் ஒருத்தன்.
கூட ஆருமில்லீங்.
வெடிஞ்சாத் தியேட்டருக்குப் போகோணும்."

உதவிச் சபை நோட்டில்
என் பெயர் ஆறு வருஷமாக இருக்கிறது.
பெயர் மட்டும்.
போனை அணைத்துவிட்டுக்
கண்ணை மூடிக்கொண்டேன், ஜெபத்தில் இருப்பவன்போல.
பிறகுதான் எழுந்தேன்.
அந்தப் 'பிறகு' எவ்வளவு நேரம் என்று
ஆண்டவருக்கும் எனக்கும் தெரியும்.

நாற்பத்தொன்றாம் கட்டில்.
பெயர் ஜலந்தர், ஒடிசா, சாயப்பட்டறை.
வழுக்கி விழுந்திருக்கிறான்.
போர்வையை விலக்கினால்
இரண்டு காலும் கணுக்கால்வரை நீலம்.
நகக்கண்ணில் மட்டும் ஏதோ பழைய சிவப்பு.
எந்த ஊர் மனிதன் போடும் சட்டைக்கான நீலமோ.
ஒரு காலத்து நொய்யல்
இந்தக் கட்டிலில் வந்து படுத்திருந்தது.

பிளாஸ்டிக் பேசினில் தண்ணீர் பிடித்தேன்.
சோப்புத் துண்டு, கிழிந்த வேட்டிப் பாதி.
ஒடிந்த காலில் விரல்களை மட்டும்,
மற்றதில் முழங்கால்வரை.
தேய்த்தேன். போகவில்லை.
இன்னும் அழுத்தித் தேய்த்தேன்.
நர்ஸம்மா எட்டிப் பார்த்துச் சொன்னார்:
"சாயத்தை உடுங்க. அது அவுனோடவே கெடக்கட்டும்.
அதுக்கு மேல இருக்கற அழுக்குப் போனாப் போதுமுங்."

உள்ளங்காலுக்கு வந்தபோது
அவன் காலை வெடுக்கென்று இழுத்தான்.
வலியாக்கும் என்று பதறிப் போனேன்.
கூச்சம்.
வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறான்,
இருபது வயதுகூட இருக்காது.
சிரித்ததில் ஒடிந்த கால் ஆடி
'மா' என்று கத்தி,
கத்தியபடியே மறுபடி சிரித்தான்.
பக்கத்துக் கட்டில்காரர் திட்டினார்.
எனக்கும் அடக்க முடியவில்லை.

மூன்று மணிக்கு
நல்ல காலை என் மடியில் போட்டுத் தூங்கிவிட்டான்.
எடுத்து வைத்தால் விழித்துவிடுவான்.
தொடை மரத்து, இடுப்பு மரத்து,
கொசு காதில் ஊதியது.
எதையும் நினைத்ததாக ஞாபகம் இல்லை.
ஜெபமும் சொல்லவில்லை.
பசித்தவன் சாப்பிட்டு முடித்துக்
கையைக்கூடக் கழுவாமல் உட்கார்ந்திருப்பானே,
அப்படி இருந்தேன்.
என் வேட்டியில் ஈரமாய் ஒரு பாதத்தின் தடம்,
நீலமே இல்லாமல்.

வெள்ளிக்கிழமை சிலுவை முத்தி.
வரிசையில் நின்று குனிந்தேன்.
மரத்து ஆண்டவரின் பாதத்தில்
எத்தனையோ வருஷத்து உதடுகள் பட்டு
பெயிண்ட் போய்விட்டிருந்தது.
முன்னெல்லாம் இதைப் பார்த்ததில்லை.
என் முறை முடிந்தும் நின்றதால்
பின்னாலிருந்து யாரோ முதுகில் தட்டினார்கள்.

ஈஸ்டரன்று
பிரியாணித் தூக்குடனும் ஒரு நகவெட்டியுடனும் போனேன்.
அவனைக் கோயமுத்தூருக்கு அனுப்பிவிட்டார்களாம்.
நாற்பத்தொன்றில் வேறு ஆள்,
தாராபுரம் பக்கம், கட்டட வேலை.
முகத்துக்கு முன்னால் காலைத்தான் பார்த்தேன்:
சிமென்ட் பூத்து, வெளுத்து, விரலிடுக்கில் புண்.
"நீங்க ஆருங்க?" என்றார்.

சொல்லத் தெரியவில்லை.
பேசினை எடுத்துக்கொண்டு
குழாயடிக்குப் போனேன்.